எங்கள் வீட்டு மூன்றாம் ராஜா

போன வருஷம் ஐப்பசி மாசம், கல்லறைத் திருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் உள்ள ஒரு கிரானைட் கடையில் ஆரம்பித்தது இந்த விவகாரம். அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பழைய படம். சேலை முழங்கால்வரை நனைந்து, வாய்க்குள் மழையைத் திட்டிக்கொண்டே அந்தக் கடைக்குள் நுழைந்தேன். பையில் இருந்தது என் மாமனாருடைய தாத்தாவின் படம். அப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

நான் அனந்தபுரம் பக்கத்துப் பெண். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் மினி பஸ் டிரைவர். காதல் கல்யாணம். நாங்கள் இந்து, அவர்கள் கிறிஸ்தவர்கள். இரண்டு பக்கமும் காட்டில் கழனியில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பங்கள்தான். ஆனாலும் ஊர் பேசுகிற பேச்சையெல்லாம் பேசித்தான் ஓய்ந்தது. மாமனார் வீடு செஞ்சியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில், நடுவில் மாதா கோயில் இருக்கிற ஒரு கிராமம். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் எதிர்ச் சுவரில் இந்தப் படம்தான் முதலில் கண்ணில் பட்டது.

மாநிறத்தில் ஒரு மனிதர். தலையில் இறகுகள். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு போர்வை. கழுத்தில் பிறை மாதிரி ஒரு வெள்ளித் தகடு, கையில் வெள்ளிக் காப்பு. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. 'நீ யாரு?' என்று கேட்கிறவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களுடைய சாமிகளில் ஒருத்தர் போலிருக்கிறது, முதல் நாளே மரியாதை தப்பக்கூடாது என்று, நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணாடிமேல் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டேன். வீடே கப்சிப். என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சாமி இல்லம்மா. எங்க தாத்தா."

அந்தத் தாத்தா வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரிடம் குசினிக்காரராக இருந்தவராம். சாமியாருக்குச் சமைத்துப் போடுவது அவர் வேலை. எங்கள் கிராமத்தில் வருஷா வருஷம் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நாடகம் போடுவார்கள். வால் நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை ஏசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் கதை. ஒரு வருஷம் அந்தத் தாத்தா மூன்றாம் ராஜாவாக வேஷம் கட்டினாராம். அதைப் பார்த்துச் சாமியார் சொக்கிப் போய், சீமையிலிருந்து ஓவியரை வரவழைத்து, வேஷத்தோடு நிற்கவைத்துப் படம் எழுதச் சொன்னாராம். ஊருக்குத் திரும்பிப் போகும்போது அந்தப் படத்தைத் தாத்தாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாராம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்கு முன்னால் இந்தக் கதை வந்துவிடும். கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். என் பிள்ளைகள் பிறந்ததும் முதலில் அந்தப் படத்துக்குத்தான் காட்டினார்கள். பெரியவள் பிளஸ் டூ மார்க்கையும் அதற்குத்தான் முதலில் காட்டினாள். நான் என் பிறந்த வீட்டைப் பற்றி ஏதாவது பெருமையாக வாயைத் திறந்தால் போதும், என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்.

"ஒங்க வூட்ல இந்த மாதிரி ஒரு படம் இருக்குதா? இருந்தா பேசு."

எங்கள் வீட்டில் ஏது? என் தாத்தா முகம் எப்படி இருக்கும் என்று என் அப்பாவுக்கே சரியாக நினைவில்லை. அதனால் எனக்கு அந்தப் படத்தின்மேல் ஒரு கடுப்பு உண்டு. துடைக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தித் துடைப்பேன்.

ஆனால் என் மாமனாருக்கு அது வெறும் பெருமை இல்லை. எங்கள் கிராமத்து நாடகத்தில் யாருக்கு என்ன வேஷம் என்பது தெருவைப் பொறுத்தது. ராஜா வேஷமெல்லாம் கோயில் தெருக்காரர்களுக்கு. எங்கள் தெருவுக்கு ஆட்டிடையன், காவல்காரன், அப்புறம் நட்சத்திரத்தைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிற வேலை. இப்போது அதெல்லாம் மாறிவிட்டது. நடிக்க ஆள் கிடைத்தாலே போதும் என்று இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒருவர் ராஜாவாக நின்றார் என்றால் அது சின்ன விஷயமா? அதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் படம்தான்.

அதையும் நம்பாத ஒரு ஆள் இருந்தார். கோயில் தெருப் பெரியவர். என் மாமனார் வயசுதான். தினமும் காலையில் டீக்கடையில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே பேப்பர், ஒரே சண்டை.

"ஒங்க தாத்தாவுக்கு யாருய்யா ராஜா வேஷம் குடுத்தா? ஆதாரம் இன்னா?" என்பார் அவர்.

"வூட்டுக்கு வந்து பாருய்யா. செவுத்துல தொங்குது ஆதாரம்" என்பார் இவர்.

அவர் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை.

போன வருஷம் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். வந்ததிலிருந்து ஒரே புலம்பல். தாத்தா கல்லறை வெறும் மண் மேடாகக் கிடக்கிறது, தான் கண்ணை மூடுவதற்குள் அதற்கு ஒரு கருப்புக் கல் வைக்க வேண்டும், அதில் தாத்தா முகத்தைப் போட வேண்டும். இப்போதுதான் கல்லில் லேசர் வைத்து முகத்தை அப்படியே செதுக்கிவிடுகிறார்களே. கல்லறைத் திருநாளன்று ஊர் ஜனம் மொத்தமும் கல்லறைத் தோட்டத்துக்கு வரும். அப்போது ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக் கல்லை மந்திரித்துத் தருவதாக எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரும் ஒத்துக்கொண்டார். "கோயில் தெருக்காரன் அன்னிக்கு கண்ணால பாக்கட்டும்" என்று என் மாமனார் சொல்லும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் மாதிரியே தெரியவில்லை. அந்தக் கல்லுக்காகத்தான் நான் மழையில் படத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

கடையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். படத்தைத் துணியால் துடைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஒரு ஓரம் கரையான் அரித்திருந்தது. முகம் மங்கிப் பழுப்பேறி இருந்தது.

"இத வெச்சு அடிச்சா மூஞ்சி ஒரே திட்டா வரும்க்கா. சாமி படத்துக்கெல்லாம் நெட்ல தெளிவா ஒண்ணு தேடி எடுத்துக்குவோம். இது வூட்டு ஆளு படம், கெடைக்காது. எதுக்கும் ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்" என்றாள்.

செல்போனில் படத்தைப் பிடித்து எதையோ தட்டினாள். அப்புறம் செல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் செல்லைப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்க தாத்தா ரொம்ப ஃபேமஸ் போல இருக்குதே!"

எட்டிப் பார்த்தேன். செல் முழுக்க எங்கள் வீட்டுத் தாத்தா. பெரிசாக, சின்னதாக, தலை மட்டும், முழு உருவம். அதே போர்வை, அதே காப்பு, அதே பார்வை. இறகெல்லாம் நல்ல சிவப்பு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கையில் இருப்பதைச் செங்கோல் என்று மாமனார் சொல்வார். அது ஒரு சின்னக் கோடாரி. அந்தப் பெண் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழுக்கு மாற்றிப் படித்துக் காட்டினாள். பதினெட்டாம் நூற்றாண்டில், லண்டனில், எண்ணெய் வர்ணத்தில் எழுதிய ஓவியமாம். அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னாலிருந்தே வாழ்ந்த மோஹாக் என்கிற இனத்துத் தலைவராம். எங்களிடம் இருந்தது அந்த ஓவியத்தை எந்தக் காலத்திலோ அச்சடித்த ஒரு தாள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடக்கவே முடியவில்லை. இத்தனை வருஷமாக என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த தாத்தா, யாரோ எவரோ! வீட்டுக்காரரிடம் இதை எப்படி எப்படியெல்லாம் சொல்லிக் காட்டலாம் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

"அப்ப கல்லுல இன்னாக்கா போடறது? நாளைக்கு மெஷின்ல ஏத்தணும்" என்று அவள் கேட்டதும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அந்த முகத்தைக் கல்லில் போட்டுக் கல்லறையில் நிறுத்தினால், செல் வைத்திருக்கிற எந்தப் பொடியனும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போட்டோ எடுக்காத இடம் உண்டா? ஊர் மொத்தமும் கூடியிருக்கிற நாளில், கோயில் தெருப் பெரியவர் முன்னால், என் மாமனார் தலை குனிந்து நிற்க வேண்டும். கல் வேலையே வேண்டாம் என்று தடுக்க வேண்டும் என்றால் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் இதயத்தில் இப்போதுதான் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கல்லில் எதையும் போட வேண்டாம், போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரரிடம் முதலில் சொன்னேன். முகம் தொங்கிப்போய்விட்டது. சொல்லிக்காட்ட எனக்கும் மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "யாரு போய் நெட்ல பாக்கப் போறாங்க? வுட்டுடேன்" என்றார்.

"ஒங்க பொண்ணே பாத்துடுவா. ஊரே செல்லும் கையுமா அலையுது, யாரு பாக்கப் போறாங்களாம்!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப நைனாகிட்ட நீயே சொல்லு. எனக்கு தெம்பு இல்ல" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். அவசரத்தில் சாப்பாட்டுக் கேரியரைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

மாமனார் கூடத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மழை, பஸ், கடை என்று எங்கெங்கோ சுற்றினேன். கடைசியில் வேறு வழி தெரியாமல் செல்லை எடுத்து அந்த ஓவியத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்படியே செல்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஐயோ, எம்மாந் தெளிவா இருக்கிறாரு!" என்றார். "றெக்கையெல்லாம் செவப்பா? எனக்குத் தெரியாதே! கண்ணப் பாரும்மா. எங்கேம்மா கெடைச்சுது இது?"

செல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் ஓடுகிறது, சிரிக்கிறார். இப்படியே விட்டுவிடலாமா என்று அந்த நிமிஷம் நினைத்தேன். மறைத்தால் இன்னும் சில நாள் சந்தோஷம், அப்புறம் ஊர் நடுவில் அவமானம். என் வாயால் கேட்பதே மேல் என்று எனக்குத் தோன்றியது.

"மாமா, இவரு நம்ம தாத்தா இல்ல" என்றேன்.

கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டி.வி.யில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுந்து அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்லி முடித்ததும் ரொம்ப நேரம் செல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், இல்லை நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"அப்ப எங்க தாத்தா மூஞ்சி எப்பிடிம்மா இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பிறப்பதற்கு முன்னாலேயே அந்தத் தாத்தா செத்துப்போய்விட்டார். நினைவு தெரிந்த நாளாகத் தினமும் பார்த்துப் பேசிய முகம் தாத்தா முகம் இல்லை என்றால், வேறு முகத்துக்கு அவர் எங்கே போவார்? அன்றைக்குச் சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்ந்தவர் படம் தொங்கிய சுவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் கொண்டுவந்து வைத்த படத்தை எடுத்துக் கட்டிலில் குப்புறப் போட்டுவிட்டார். மாத்திரை கொடுத்தேன், போட்டுக்கொண்டார். சோறு போட்டேன், சாப்பிட்டார். ஏதாவது பேசினால் தேவலாம் என்றிருந்தது. எதற்குத்தான் அந்தக் கடைக்குப் போனேனோ என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். எனக்குப் பகீர் என்றது. பால் வாங்குகிற சாக்கில் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கோயில் தெருப் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் மாமனார் அவர் எதிரே போய் நின்றார். உட்காரவில்லை.

"யோவ், நீ கேட்டது செரிதான்யா. அந்தப் படத்துல இருக்கறது எங்க தாத்தா இல்ல. யாரோ அமெரிக்காக்காரராம். ஆதாரம் ஒண்ணும் இல்ல எங்கிட்ட."

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பெரியவர் இப்போது வாயைத் திறந்து ஒரு கேலி பேசட்டும், தூக்குச் சட்டியாலேயே ஒன்று வைக்கிறேன் என்று நான் தயாராக நின்றேன். அவர் சிரிக்கவில்லை. பேப்பரை மடித்தார். மறுபடியும் மடித்தார். ஒரு மாதிரியாக நெளிந்தார்.

"உக்காரு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"உக்காருய்யான்னா."

அப்புறம் அவர் சொன்னதை அந்தக் கடையில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். படத்தில் இருப்பது யார் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைச் சாமியார் கொடுத்தது எதற்கு என்று அவருக்குத் தெரியும். அவருடைய அப்பா சாகும் தறுவாயில் சொல்லியிருக்கிறார். மூன்றாம் ராஜா தூர தேசத்து ராஜா மாதிரி தெரிய வேண்டும் என்று, வேஷம் தைப்பதற்கு மாதிரியாகத்தான் சாமியார் அந்தப் படத்தைக் கொடுத்தாராம். அதைப் பார்த்துத்தான் கோழி இறகுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார்களாம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பிறையும் காப்பும் செய்தார்களாம். குசினிக்காரருக்குத்தான் அந்த வேஷம் என்று சாமியார் பிடிவாதமாக நின்றாராம்.

"ஒங்க தாத்தாதான்யா கட்டுனாரு. நெசம்" என்றார் பெரியவர். "மொத ராஜா எங்க தாத்தா. ஒங்க தாத்தா பக்கத்துல நிக்க மாட்டேன்னு கிரீடத்தக் கழட்டி வெச்சுட்டு மேடைய வுட்டு எறங்கிப் போயிட்டாரு. அந்த வருசம் ரெண்டே ராஜாதான் ஏசுவப் பாக்க வந்தாங்க. எங்க வூட்ல இத வெளிய சொல்லக் கூடாதுன்னு கட்டளை. நானும் சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ஆதாரம் இன்னா, ஆதாரம் இன்னான்னு கத்திக்கினு இருந்தேன்."

என் மாமனார் டீக்கடைக்காரரிடம், "இவருக்கு ஒரு டீ போடுப்பா. சக்கர கொஞ்சமா, சுகரு இருக்குது" என்றார். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பால் வாங்காமலேயே திரும்பிவிட்டேன்.

தையல்காரியாக எனக்கு ஒரு சந்தோஷம். அந்த ஓவியத்தை வைத்துக்கொண்டு, ஒரு கிழிந்த போர்வையையும் கோழி இறகையும் தகரத்தையும் சேர்த்து எப்படித் தைத்திருப்பார்கள் என்று கற்பனை பண்ணிப் பார்த்தேன். அந்த வேஷத்தைப் பார்த்த ஜனங்களுக்குப் படத்தில் இருப்பவரும் மேடையில் நின்றவரும் ஒன்றாகிப் போனதில் என்ன ஆச்சரியம்? அந்தச் சட்டைக்குக் கழுத்துச் சுருக்கம் வைக்க நானே ரொம்பக் கஷ்டப்பட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் கிடந்த படத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவரு யாரு, எவருன்னு முழுசா படிம்மா. இத்தினி வருசம் நம்ம வூட்ல இருந்துட்டாரு. யாருன்னுகூடக் கேக்காம இருந்துட்டோம்" என்றார்.

செல்லில் தமிழுக்கு மாற்றி மாற்றி எனக்குப் புரிந்தவரை படித்துச் சொன்னேன். அவருடைய ஜனங்களின் நிலத்தை வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டார்களாம். அதற்கு நியாயம் கேட்டுக் கப்பலேறி, கடல் தாண்டி, இங்கிலாந்து ராஜாவைப் பார்க்கப் போனாராம். போன இடத்தில் எழுதிய ஓவியம்தான் அது.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்ட நெலம் கெடைச்சுதாமா?"

இதை அவர் கேட்ட விதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் மாமனார் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர், அடுத்தவர் கொல்லையில் கடலை பிடுங்கியவர். வீடு இருக்கிற மனையைத் தவிர அவர் பெயரில் ஒரு கையகல மண் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பட்டா வந்ததா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"அந்த நெலம் கெடைக்கல மாமா. சண்டை வந்து ஊரையே வுட்டுட்டுப் போகவேண்டியதாப் போச்சாம். அப்புறம் கனடாவுல ஒரு ஆத்தங்கரையில வேற எடம் குடுத்தாங்களாம். அதுலயும் பெரும்பங்கு கையவுட்டுப் போயிடுச்சாம்."

"அவரு ஜனங்க?"

"இருக்காங்க மாமா. இன்னும் நெலத்தக் கேட்டுக்கினுதான் இருக்காங்களாம்."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் அந்த முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டச் சொன்னார். "யாரு வூட்டுத் தாத்தாவோ. எறக்கி வெச்சா எங்க போவாரு?" என்றார்.

கல்லில் முகம் வேண்டாம் என்று அவரே கடைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். தெரியாத முகத்தைப் போடுவது தாத்தாவுக்கும் மரியாதை இல்லை, அந்த மனுஷனுக்கும் மரியாதை இல்லையாம். தாத்தா பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி போடச் சொன்னார்: 'மூன்று ராஜாக்களில் ஒருவர்'.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்திப் பூவும் ஊதுவத்தி வாசனையும். எங்கள் தெருக் கல்லறைகள் ஒரு பக்கம், கோயில் தெருக் கல்லறைகள் இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் மெதுவாக நடந்து வந்தார். கல்லில் இருந்த வரியைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். குடையை மெழுகுவர்த்திகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். என் மாமனார் அவரைப் பார்த்து, "தள்ளி நில்லுய்யா, மறைக்காத" என்று அதட்டினார். இரண்டு பேரும் பழையபடி ஆகிவிட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் கல்லை மந்திரித்து முடித்ததும் கீழே பார்த்தார். கல்லுக்கு முன்னால் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெறும் ஈர மண்ணில், என் மாமனார் தனியாக இன்னொரு மெழுகுவர்த்தியை ஏற்றி நட்டிருந்தார்.

"இது யாருக்குப் பெரியவரே?" என்று கேட்டார் சாமியார்.

"வெளியூர்க்காரரு ஃபாதர்" என்றார் என் மாமனார். "நெலம் கேட்டுப் போனவரு. இன்னும் கெடைக்கலியாம்."

சாமியாருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அந்த மண்ணிலும் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் கண்ணீர் வந்தது, நான் மறைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த மனுஷர் உடைந்துபோய்விடுவார் என்று நான் அவ்வளவு பயந்தேன். அவரோ தன் தாத்தாவின் முகத்தைப் பறிகொடுத்த மறுநாளே, முன்பின் தெரியாத ஒருவருக்கு நிலம் கிடைத்ததா என்று கவலைப்பட்டார். யாரையாவது பார்த்து, இவர் நமக்கு என்ன உறவு என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும்போதெல்லாம், ஈர மண்ணில் தனியாக எரிந்த அந்த மெழுகுவர்த்தி என்னை வாயடைக்க வைத்துவிடுகிறது.